நட்சத்திர ஆமைக்கு இரண்டு கோட்

நான் ஓர் ஆமைக்கு வார்னிஷ் அடித்தவன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று கேட்பார்கள்.

எனக்கு ஃபர்னிச்சர் பாலிஷ் வேலை. வீடு ஸ்ரீராம்புரம். ராசி என்று அம்மா ஒரு நட்சத்திர ஆமை வாங்கி வைத்திருந்தார். அது சோறும் தக்காளியும் தின்றது. ராசி மட்டும் வரவில்லை. முப்பத்து நாலு வயது வரை எனக்குப் பெண் அமையவில்லை.

ஒருவழியாகப் பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெண் சுமதியும் வருவாளாம். ஆஸ்பத்திரியில் வேலை என்றார் தரகர். என்ன ஆஸ்பத்திரி என்று நாங்கள் கேட்கவில்லை.

முந்தின நாள் கதவு, நாற்காலி எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்தேன். டப்பாவில் கொஞ்சம் மிச்சம். ஆமையும் மங்கலாகத்தான் இருந்தது. (கை சும்மா இருக்காது.)

வந்தார்கள். காபி கொடுத்தோம். அம்மா ஆமையைத் தூக்கி வந்து சுமதி முன்னால் வைத்தார்.

"எங்க வூட்டு மகாலட்சுமி. பாரு, எப்பிடி மின்னுது!"

சுமதி குனிந்து மோந்து பார்த்தாள். என்னிடம் கேட்டாள்.

"இதுக்கு என்ன அடிச்சீங்க?"

"வார்னிஷ்."

"எத்தினி கோட்?"

"ரெண்டு." (கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.)

காபியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வேலை செய்வது காட்டு விலங்குகளுக்கான ஆஸ்பத்திரியில்.

"இத வீட்ல வெச்சிக்கவே கூடாதுங்க. சட்டத்துல புலி இருக்கற வரிசையில இதுவும் இருக்கு. மூணு வருஷம் ஜெயிலு."

"புலியா? இது சோறு துன்னுதேம்மா" என்றார் அம்மா.

"அதான் ஓடு இப்பிடிக் கோணிக் கெடக்கு. இது புல்லு திங்கற ஜீவன்."

சுமதியின் அண்ணன் எழுந்து செருப்பைத் தேடினார். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்களே எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க. இப்பவே" என்றாள் சுமதி.

போனேன். மாப்பிள்ளைச் சட்டை, மடியில் ஆமை. அவர்கள் வந்த ஆட்டோதான்.

அங்கே டாக்டர் ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனப்பா, இது ஆமையா, டீப்பாயா?"

"வார்னிஷ் கரைய தின்னர் கொண்டு வரட்டுமா சார்?"

"அத ஊத்துனா செத்தே போயிடும்."

நானே கொண்டுவந்து கொடுத்ததால் வனத்துறை ஆள் ஒருவர் எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் போனேன். (ஆமையைப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன்.) வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்கள். தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். புல் தின்னப் பழக்கினார்கள். அதன் இனம் வாழும் வறண்ட காட்டில் விடுவார்களாம்.

"எப்ப விடுவாங்க?" என்று சுமதியிடம் கேட்டேன்.

"உங்க பாலிஷ் போகட்டும்."

"நம்ம விஷயம்?"

"அது மொதல்ல காட்டுக்குப் போவட்டும்."

ஏழு மாதம் ஆனது. ஆமை போனது. கல்யாணம் நடந்தது.

போன வருடம் மகள் பிறந்தாள். குளிப்பாட்டும் முன் எண்ணெய் தேய்க்கலாம் என்று கை நீட்டினேன். சுமதி கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

"தள்ளுங்க. நீங்க எதுக்கும் எதையும் பூச வேணாம்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் காபி கொடுக்கிறார்.

இன்றுவரை குழந்தைக்கு நான் பவுடர்கூடப் போட்டதில்லை. சுமதி விடுவதில்லை.