தாங்கனிக்கா விதியும் எங்கள் லிப்டும்

கிள்ளானில் இருக்கும் வாசு மாமாவுக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து அமுதவள்ளியின் வணக்கம். உங்களுக்கும் அத்தைக்கும் சர்க்கரை அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நலம். ஆனால் ஒன்பதாவது மாடியில் நலம். எங்கள் சி புளோக் லிப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. முட்டி வலியோடு உங்கள் அக்கா தரையை மிதித்தும் எட்டு மாதம் ஆகிறது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் நாகையா அங்கிள் ஏ புளோக். அங்கே வீடுகள் அதிகம், ஓட்டும் அதிகம், லிப்டும் ஓடுகிறது. போன மாதக் கூட்டத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. அன்று காலை கல்லூரியில் நடத்திய பாடம் நாக்கிலேயே இருந்தது: 1958இல், பிரிட்டிஷ் ஆட்சியில், இன்று தான்சானியாவில் சேர்ந்துவிட்ட தாங்கனிக்காவில் தொடங்கிய பொதுத் தேர்தல். ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர் என்று மூவருக்கும் ஒவ்வொரு வாக்காளரும் ஓட்டுப் போட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது. நாமும் ஒவ்வொருவரும் ஏ, பி, சி மூன்று புளோக்கிலும் ஒருவருக்கு ஓட்டுப் போட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கலாம், அதிக ஓட்டு வாங்குபவர் தலைவர் என்றேன். அந்த விதி அதைப் போட்டவர்களுக்கே உதவவில்லை என்று பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறவள், அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

"வெள்ளக்காரன் போட்ட ரூல்ஸ்னா கரெக்டாத்தான் லா இருக்கும்," என்று நாகையா அங்கிளே கையைத் தூக்கிவிட்டார்.

தேர்தலில் ஏ புளோக்கில் ஆறு பேர், பியில் நான்கு பேர் நின்றார்கள். சியில் மாடி ஏறி இறங்கவே மூச்சு போதவில்லை, ஒருவரும் வரவில்லை. விதி வீணாகக் கூடாதே என்று நான் பெயர் கொடுத்தேன். செல்லுபடியான சீட்டு நூற்றுப் பன்னிரண்டு. எனக்கு விழுந்ததும் நூற்றுப் பன்னிரண்டு. நாகையா அங்கிளுக்கு நாற்பத்தொன்று.

"டீச்சர், நானே உங்களுக்குத்தான் போட்டேன்," என்று கை குலுக்கினார். "வேற ஆளே இல்ல லா."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, ஆனா போட்டுட்டேன்," என்றார் பி புளோக் ராஜினி அக்கா.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியாதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன் மாமா. தெரியாது என்று சத்தமாகச் சொல்ல முடிகிறது. மெதுவாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே தலைவர் பதவி வேண்டாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். இனி சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெறட்டும்.

அன்புடன்,
அமுதவள்ளி

பி.கு.: சங்க விதிப்படி ராஜினாமாவைத் தலைவரிடம்தான் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். தலைவர் இருமுறை படித்துவிட்டு, நடை நன்று, காரணம் போதாது என்று மறுத்துவிட்டார். லிப்ட்காரர் வியாழக்கிழமை வருகிறார். சனிக்கிழமை உங்கள் அக்கா கிள்ளானுக்கு வருகிறார்.