ஹாரன் திட்டாத நாட்கள்

போடிமெட்டுக்கும் சூரியநெல்லிக்கும் நடுவில் என் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்காத உயிர் ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அது அன்றைக்குத்தான் பிறந்ததாக இருக்கும்.

அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. மலையில் வேறு யாரும் சொல்வதும் இல்லை. ஏலக்காய் எடுக்கும் பெண்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் ட்ரிப் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பில் ஹாரன் கெட்டு வெகுகாலம். சரி செய்யவே இல்லை. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி இவரே கத்துவார். அதனால் அவர் பெயர் ஹாரன். நான் ஹாரன் பெண்சாதி. அதில் எனக்குப் பெருமைதான்.

மழைக்காக இடுப்பில் கட்டிய சாக்கை ஈரத்தோடு அவிழ்க்காமல் எவளாவது ஏறிவிட்டால் தொலைந்தாள். "ஏத்தா, இது ஜீப்பா, மாட்டுக் கொட்டமா?" என்று ஆரம்பித்தால் தோட்டத்து வாசல் வரை நிற்காது.

ஒருநாள் பனிமூட்டத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கொம்பன் யானை நின்றது. பெண்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். இவர் தலையை நீட்டினார்.

"ஏலே, ரோடு ஒங்கப்பன் போட்டதா? தள்ளுடா அங்குட்டு! புள்ளைக வேலைக்குப் போக வேணாமா?"

யானை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு ஏலக்காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது. "வீட்டுல அது பொண்டாட்டி திட்டிப் பழக்கியிருப்பா போலக்கா" என்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள், அந்த ஜீப்பில் போன பேச்சியம்மா.

போன மழைக்காலத்தில் ஜீப்பின் மேலேறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தார். தலை கல்லில் மோதியது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். நானும் மகள் செல்வியும் வராந்தாவிலேயே கிடந்தோம். பல நாள் கழித்து ஒரு காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றார்.

என்னை! தாலி கட்டிய நாளிலிருந்து 'ஏ கழுதை'க்கு மேல் மரியாதை கொடுக்காத மனுஷன். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன்.

டாக்டர் சிரித்தார். "பேச்சு நல்லா வந்துருச்சும்மா."

"பேச்சு வந்துருச்சுய்யா. ஆளு வரலையே" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினார். மூளையின் முன்பக்கம் அடிபட்டால் குணம் மாறுமாம். பழையபடி ஆகலாம்; இப்படியே நின்றுவிடவும் கூடுமாம். பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தோம். கைகால் பயிற்சி கொடுக்கக் கோட்டயத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தைப் பிடித்தார், சுவரைப் பிடித்து நடந்தார். அவளுக்கு ஒரே சந்தோஷம். "அம்மச்சி, அப்பச்சன் எத்ர நல்ல மனுஷன்! கால நீட்டச் சொன்னா தேங்க்ஸ் சொல்லுது!"

"ஒனக்குத் தெரியாதுடி மகளே. இது யாரோ" என்றேன்.

இதுக்காவது திட்டட்டும் என்று உப்பே போடாமல் ரசம் வைத்துக் கொடுத்தேன். "அருமையா இருக்குங்க" என்றார். மறுநாள் உப்பை அள்ளிக் கொட்டினேன். அதுவும் அருமை. செல்வி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அங்கே போய் அழுதாள்.

பேச்சியம்மா ஒரு கூட்டத்தையே திரட்டிவந்தாள். வாசலில் நின்ற ஜீப்பில் எல்லாரும் சாக்குத் தண்ணீர் சொட்டச்சொட்ட ஏறி உட்கார்ந்தார்கள். அவர் தூணைப் பிடித்து நின்று கைகூப்பினார். "நல்லா உக்காருங்க தாயி."

இறங்கிப் போகும்போது சீட்டை அவர்களே துடைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு மதுரைக்கு மறுபடி காட்டப் புறப்பட்டோம். ஜீப்பை ஓட்டியது மாப்பிள்ளை. அவர் பக்கத்தில் இவர். பின்னால் நானும் செல்வியும். போடிமெட்டு தாண்டி இறக்கம் தொடங்கியதும் மாப்பிள்ளை டீசலை மிச்சம் பிடிக்க நினைத்து வண்டியை நியூட்ரலில் விட்டார். ஜீப் தானாக ஓடியது. முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவில் இவர் தோள் விறைப்பதைப் பார்த்தேன்.

"ஏலே கூறுகெட்டவனே! எறக்கத்துல நியூட்ரல்ல விடுறியே, பின்னாடி இருக்கிறது மனுசங்களா, ஏலக்கா மூட்டையா? கியரப் போடுறா!"

மகள் வீட்டுக்காரரை 'டா' போடுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அதுவரை மாப்பிள்ளையை முதுகுக்குப் பின்னால்தான் திட்டியிருக்கிறார். மாப்பிள்ளை கியரைப் போட்டு, ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாமா, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"ஏன், காது அவிஞ்சுபோச்சா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்குடி அழுகுற? எழவு வீடு மாதிரி!"

செல்வி என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவருக்கும் கிடைத்தது.

மதுரையில் காக்க வைத்ததற்காக டாக்டருக்கும் ஒரு பங்கு. டாக்டர் அதை ஒரு நல்ல செய்தியாகக் கேட்டுக்கொண்டார்.

இன்னும் இடதுகால் இழுக்கிறது. ஸ்டியரிங் பிடிக்க டாக்டர் விடவில்லை. ஆனால் விடியற்காலையில் காபி கேட்டு என்னைத் திட்டித்தான் எழுப்புகிறார். அதற்கு முன்பே நான் விழித்துக்கொண்டுதான் கிடப்பேன். இருந்தாலும் உடனே எழுந்திருப்பதில்லை. கண்ணை மூடி முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுவேன்.