ஹாலிஸ் கிரீக்கில் நியாயம் நிலைநாட்டப்பட்ட விவரம்

ஹாலிஸ் கிரீக் என்ற சிற்றூரில் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். போன முறை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இல்லை.

இந்த முணுமுணுப்பு பல ஊர்களிலிருந்தும் கிளம்பித் தலைமையகத்தின் காதுக்கு எட்டியது. தலைமையகம் ஆழ்ந்து ஆலோசித்து, இந்த முறை நியாயம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதோடு நிற்காமல் நியாயத் துறை என்றே ஒன்றைத் தொடங்கி ஏழு அதிகாரிகளையும் நியமித்தது. அவர்களில் ஆறு பேர், போட்டியில் இருந்த ஆளுநர் கேரிங்டனின் அலுவலகத்திலிருந்து விடுப்பில் வந்தவர்கள். ஏழாமவர் கேரிங்டனின் மைத்துனர். அந்த ஆறு பேரையும் யாராவது மேற்பார்வை பார்க்க வேண்டுமல்லவா?

ஆர்லிஸ் க்வாம் இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, தாளை மடித்து வைத்தார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஹாலிஸ் கிரீக் கட்சிக் கூட்டத்துக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தின் உள் விளையாட்டரங்கில் எல்லோரும் கூடுவார்கள். அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்பார்கள். ஆர்லிஸ் ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு, கையிலுள்ள எண்ணி என்ற பித்தளைக் கருவியைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்துவார். 'டிக்' என்று ஓர் எண் கூடும். கடைசியில் அந்த எண்ணி காட்டும் எண்ணைத் தாளில் எழுதி, 'நின்றவர்கள் அனைவரையும் எண்ணினேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஊரில் அவருக்கு இருந்த பெரிய சொத்து அதுதான்.

தலைவர் எந்த மூலையிலும் நிற்கக் கூடாது என்பது விதி. ஆர்லிஸ் நின்றதில்லை, நிற்க ஆசைப்பட்டதும் இல்லை. இந்த வருடம் மட்டும் ஆசை வந்தது. கேரிங்டனை எதிர்த்துப் போட்டியிட்ட, மாட்டு வைத்தியராக இருந்து நாடாளுமன்றத்துக்குப் போன டாக்டர் டெல்மா ஸ்வாப்பை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை ஆர்லிஸ் தன் கணவர் கேலனிடம்கூடச் சொல்லவில்லை. கேலன் கேரிங்டனின் ஆள்.

கூட்டத்தன்று முழங்கால் அளவு பனி. ஆர்லிஸ் கூட்டத்துக்காகச் செய்த ஆப்பிள் பலகாரத்தைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, அரங்கின் கதவைப் பூட்டிவிட்டு வெளியே ஓர் இளைஞர் நின்றிருந்தார். சட்டையில் 'நியாயத் துறை' என்ற வில்லை. பெயர் டாட் பென்னிங்டன். காலடியில் ஒரு பெட்டி நிறையப் படிவங்கள்.

"விசுவாசப் படிவம், மேடம். கையெழுத்துப் போட்டவங்க மட்டும்தான் உள்ள போகலாம்."

ஆர்லிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். 'கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், அவரான ஆளுநர் கேரிங்டனை மனப்பூர்வமாக ஆதரிப்பேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

"ஏன் தம்பி, இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லையே?"

"அதனாலதான் மேடம் இப்பவே வாங்கறோம். ஜெயிச்சப்புறம் வாங்கினா, ஜெயிச்சவருக்குச் சாதகமா வாங்கினோம்னு பேச்சு வரும்."

"சரி, பேரை எதுக்கு அச்சடிச்சீங்க?"

"போன தடவை பேர் போடலை. 'யார்னு தெரியாமப் போட்டுட்டோம்'னு பாதிப் பேர் கையை விரிச்சுட்டாங்க. ஒருத்தரை இருட்டுல நிறுத்திக் கையெழுத்து வாங்கறது நியாயமா? நீங்களே சொல்லுங்க."

ஆர்லிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் நின்றவர் பன்றிப் பண்ணைக்காரர் லோவெல் ட்வெட். ஆர்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். டாக்டர் ஸ்வாப் என்றால் உயிரை விடுவார்.

"என்ன ஆர்லிஸ் இது, காது மடல் உதிர்ந்துடும் போலிருக்கு. காபி உள்ளதானே இருக்கு?"

"உள்ளதான் இருக்கு. ஆனா இதைப் படிச்சுப் பாரு."

"காபி குடிச்சுட்டுப் படிக்கறேன்" என்று லோவெல் கையெழுத்தைக் கிறுக்கினார்.

வரிசையில் வந்த நாற்பத்து மூன்று பேரும் அப்படியே கிறுக்கினார்கள். கையெழுத்தில் என்ன இருக்கிறது, எண்ணப் போவது தலையைத்தானே என்று ஆர்லிஸ் மனதைத் தேற்றிக்கொண்டார்.

உள்ளே கேரிங்டன் மூலையில் ஹீட்டரும் காபி மேசையும் இருந்தன. ஸ்வாப் மூலை வெளிக்கதவை ஒட்டி இருந்தது. யாராவது உள்ளே வரும்போதெல்லாம் பனிக்காற்றும் கூடவே வந்தது.

"இது என்ன ஏற்பாடு?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

டாட் பையிலிருந்து ஒரு மூலைமட்டத்தை எடுத்துக் காட்டினார். "நானே அளந்து பார்த்தேன் மேடம். ரெண்டு மூலையும் சரியாத் தொண்ணூறு டிகிரி. ஒண்ணுக்கொண்ணு இம்மிகூட வித்தியாசம் இல்லை."

ஆர்லிஸ் எண்ணினார். ஹீட்டர் பக்கம் பதினொரு பேர். அதில் காபியோடு கேலனும் ஒருவர். கதவுப் பக்கம் முப்பத்திரண்டு பேர். லோவெல் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"மன்னிக்கணும்" என்றார் டாட். "நாற்பத்து மூணு பேரும் கேரிங்டனை ஆதரிப்பேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல முப்பத்திரண்டு பேர் பத்து நிமிஷத்துல வாக்கு மாறிட்டாங்க. வாக்கு மாறினவங்க விசுவாசிகள் இல்லை. விசுவாசிகள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும் கேரிங்டன் மூலைல நிக்கறாங்க. நூற்றுக்கு நூறு! பாராட்டுகள்."

"டேய்!" என்று கத்தினார் லோவெல். "நான் கையெழுத்துப் போட்டது காபிக்குடா!"

"அது படிவத்துல இல்லை, சார்."

டாட் முடிவுத்தாளை ஆர்லிஸிடம் நீட்டினார். கேரிங்டன் 11, ஸ்வாப் 0 என்று இருந்தது. பதினொன்று மட்டும் கையால் எழுதியது, பூஜ்யம் உட்பட மற்றதெல்லாம் முன்கூட்டியே அச்சிட்டது. கீழே அதே பழைய வரி: 'நின்றவர்கள் அனைவரையும் எண்ணினேன்.'

கேலன் காபிக் கோப்பையோடு அருகில் வந்தார். "கையெழுத்தைப் போட்டுக் கொடேன், ஆர்லிஸ். தலைமையகத்தோட எதுக்கு வம்பு? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேச ஒண்ணும் இல்லை, கேலன்." ஆர்லிஸ் எண்ணியை டாட்டின் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். "இந்தாப்பா, ஆள் ஒரு மூலைல நின்னா எண்ணணும். அவ்வளவுதான் என் வேலை. அவன் எதுல கையெழுத்துப் போட்டான், எதைக் குடிச்சான்னு எண்ணிக்குத் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டாம்."

அச்சிட்டதை அடித்துவிட்டு, 11, 32 என்று மசியால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நேரே உள்ளூர் வானொலிக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டு எண்களையும் வாசித்தார்.

அதைக் கேட்ட பக்கத்து ஊர்த் தலைவர்களும் தங்கள் தாள்களை அடித்தார்கள். ஒரு வாரத்தில் மாநிலமே அடித்தது. ஆர்லிஸின் எண்ணி படத்தோடு செய்தித்தாளில் வந்தது. தலைமையகத்தில் நாற்காலிகள் மாறின. டாக்டர் ஸ்வாப்பின் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடந்த கூட்டம் செல்லாது, மார்ச்சில் மறு கூட்டம், இந்த முறை உண்மையான நியாயம் என்று அறிக்கை வந்தது.

மார்ச்சில் பனி உருகிச் சேறாகியிருந்தது. குளிர் மட்டும் அப்படியே இருந்தது. ஆர்லிஸ் ஆப்பிள் பலகாரத்தோடு வந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் டாட் பென்னிங்டன் நின்றிருந்தார். அதே வில்லை, அதே பெட்டி.

"நீயா?"

"நான் துறை ஊழியன் மேடம். யாருக்கும் சார்பில்லை."

ஆர்லிஸ் படிவத்தை வாங்கிப் படித்தார். 'யார் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், அவரான டாக்டர் டெல்மா ஸ்வாப்பை மனப்பூர்வமாக ஆதரிப்பேன்...'

இன்னொரு முறையும் படித்தார். வாக்கிய அமைப்பு முன்புபோல் உறுத்தவில்லை.

"பார்த்தியா ஆர்லிஸ்!" லோவெல் தோளில் தட்டினார். "தப்பைத் திருத்திட்டாங்க. எல்லாம் உன்னாலதான்!"

அவர் இந்த முறை படித்துவிட்டே கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பின்னால் நின்றவருக்கும் கொடுத்தார். கேலன் இருமிக்கொண்டே வந்தார். குளிரில் நின்று பார்த்தார், முடியாமல் அவரும் போட்டார்.

உள்ளே ஹீட்டர் இடம் மாறியிருந்தது. ஸ்வாப் மூலையில் முப்பத்திரண்டு பேர் கதகதப்பாக நின்றார்கள். கதவோரம் பதினொரு பேர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இது நியாயமா, ஆர்லிஸ்?" என்று கேலன் அங்கிருந்தே கேட்டார்.

ஆர்லிஸ் இரண்டு மூலைகளையும் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டும் தொண்ணூறு டிகிரிதான், கேலன்."

எண்ணத் தொடங்கினார். லோவெலின் தோள், 'டிக்'. அடுத்த தோள், 'டிக்'. ஹீட்டர் மூலையை முடித்துக்கொண்டு நடு அரங்கில் வந்து நின்றார். டாட் முடிவுத்தாளை நீட்டினார்.

"இங்க இன்னும் எண்ணலையே!" என்றார் கேலன். "நான் நிக்கறேன் பாரு! உன் புருஷன்!"

"நிக்கறது தெரியுது. ஆனா நீ எழுதிக் கொடுத்திருக்கியே. எழுத்துன்னு ஒண்ணு இருக்கில்ல?"

'நின்றவர்கள் அனைவரையும் எண்ணினேன்' என்ற வரிக்குக் கீழே ஆர்லிஸ் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்வாப் 32, கேரிங்டன் 0, நூற்றுக்கு நூறு. அரங்கம் கைதட்டியது, கதவோரம் நின்றவர்கள் கைகளைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை.

அந்தப் பித்தளை எண்ணி இப்போது தலைமையகத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முப்பத்திரண்டில் நிற்கிறது. கோளாறு ஏதும் இல்லை என்று நியாயத் துறை சான்று கொடுத்திருக்கிறது.