வாய் திறந்து வாக்களித்த நாடு

ஏழு மலைகளுக்கு அப்பால் தண்டகபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் குடிமக்கள் நன்றியோடு பிறந்து, நன்றியோடு இருமி, நன்றியோடு மறைந்தார்கள்.

அங்கே சொத்தைப் பல்லை அரசே இலவசமாக அடைத்தது, பாதரசம் கலந்த வெள்ளிக் கலவையால். தேர்தலில் சீட்டோ பெட்டியோ கிடையாது. அதிகாரி முன்னால் வாயைத் திறக்கவேண்டும். கடைவாயில் வெள்ளி மின்னினால் ஆளுங்கட்சிக்கு ஓட்டு, மின்னாவிட்டால் எதிர்க்கட்சிக்கு. செலவில்லாத ஜனநாயகம்.

கோதைநாயகி ஏழு மாதக் கர்ப்பிணி. இடப்பக்கம் பழைய வெள்ளி, வலப்பக்கம் புதிதாக ஒரு சொத்தை. மந்திரி மரகதவேளிடம் போனாள்.

"ஐயா, பாதரசம் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்கறாங்க. வலி உசுரு போகுது. அடைச்சுக்கலாமா, வேணாமா?"

"அம்மணி, அரசர் கொடுத்ததைச் சந்தேகிக்கும் வாய்க்கு வலி வருவது இயற்கை" என்றார் மந்திரி. அன்று மாலையே ஆணை வந்தது: இனிப் பாதரசத்தின் பெயர் 'அரசமினுக்கு'. பழைய பெயரைச் சொல்பவர்களுக்கு நல்ல பல்லிலும் ஓர் அடைப்பு வைக்கப்படும். மக்கள் நன்றி கூறினர்.

எதிர்க்கட்சித் தலைவர் வீரபாகு மேடையேறினார். "அத்தனையும் விஷம்! உங்கள் ஒவ்வொரு வாயிலும் ஒரு சுடுகாடு!"

மக்கள் நடுங்கிப்போய், கடைவாய் வெள்ளியின் மேல் கோதுமை மாவை அப்பிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். வீரபாகு வென்றார். முதல் ஆணை: எல்லா வெள்ளியையும் தோண்டி எடுக்கவேண்டும். ஜன்னலில்லாத மண்டபம் ஒன்றில் தோண்டல் தொடங்கியது. வாய்க்குள் சும்மா கிடந்த பாதரசம் ஆவியாகி எழுந்தது. இருமியவர்களிடம், "அது விடுதலையின் வாசனை" என்றார் வீரபாகு. மக்கள் மீண்டும் நன்றி கூறினர்.

மண்டபத்துக்குள் நுழைந்த பல் மருத்துவர் செண்பகவல்லி கத்தினார்: "நிறுத்துங்க! நல்லா இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டாதீங்க, தோண்டினாத்தான் ஆவி அதிகம். சும்மா இருந்தா கசியறது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலானவங்களுக்கு அதனால கெடுதல்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. கர்ப்பிணி, குழந்தைங்க, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கு மட்டும் புதுசா வைக்காதீங்க. அவங்களுக்கு வேற பொருள் இருக்கு."

வரலாற்றில் முதன்முறையாக இரு கட்சிகளும் ஒன்றுபட்டன. ஒரே வாயால் இரண்டு கட்சிகளையும் அவமதித்த குற்றத்துக்காக மருத்துவரைச் சிறையிலடைத்தார்கள். சாட்சிப் பொருளாக அவருடைய நாற்காலி, கருவி, மருந்து எல்லாமும் கூடவே சிறைக்குப் போயின.

கோதைநாயகி வீங்கிய கன்னத்தோடு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

"டாக்டரம்மாவைப் பாக்கணும்."

"கைதிங்க மட்டுந்தாம்மா பாக்கலாம்" என்றார் காவலர் சோலையப்பன்.

"அப்ப எழுதிக்கோங்க. என் பழைய அடைப்பை நான் தோண்டிக்க மாட்டேன்."

உடனே கைது. சிறைக்குள் செண்பகவல்லி அவள் பழைய வெள்ளியைத் தொடவில்லை. புதிய குழியைப் பாதரசமில்லாத வெள்ளைப் பசையால் அடைத்தார். கோதைநாயகி அன்றிரவு இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டாள். உரிய மாதத்தில் கொழுகொழுவென்று பெண் குழந்தை. மருத்துவருக்கு நிலையான முகவரி தந்த அரசுக்கு அவள் மனமார நன்றி கூறினாள். இந்த ஒரு நன்றியை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

விஷயம் பரவியது. காவல் நிலைய வாசலில் வரிசை நீண்டது.

"ஏன் பெரியவரே, போன வாரந்தானே தேசத்துரோகம் பண்ணீங்க?" என்று கேட்டார் சோலையப்பன்.

"அது மேல் பல்லுக்குங்க."

ஒருநாள் முக்காடு போட்ட ஒருவர் தாடையைப் பிடித்தபடி வரிசையின் முன்னால் வந்து நின்றார். முக்காட்டை விலக்கினால், வீரபாகு.

"உள்ளே போக நான் என்ன செய்யவேண்டும்?"

"பெரிசா ஒண்ணும் வேணாங்கய்யா" என்றார் சோலையப்பன். "உண்மையா ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, போதும்."

வீரபாகு வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "யாருய்யா அது முன்னால? வரிசை நகரவே மாட்டேங்குது!"