தளபதியின் மூக்குக் கண்ணாடி

"சுவத்துக்குள்ள என்ன சார் கை?"

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பகீரென்றது. இயற்கைப் பூங்காவின் நடுவே இடிந்து கிடந்த கோட்டைச் சுவரின் பொந்துக்குள் கையை முழங்கை வரை விட்டிருந்தார். பின்னால் பூங்காக் காவலாளி.

"மோதிரம் விழுந்துடுச்சுப்பா" என்று வாய்க்கு வந்ததை உளறினார்.

உண்மை வேறு. அவர் மனைவிக்கு ஜியோகேச்சிங் பைத்தியம். செல்போன் காட்டும் இடத்துக்குப் போய், யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் அற்பப் பொருளைப் பார்த்துப் பூரித்துவிட்டு, மறுபடி அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். கிடைத்ததைத் திரும்ப வைப்பதற்கு எதற்கய்யா தேட வேண்டும்?

வாராவாரம் அவள்தான் கண்டுபிடிப்பாள். இவர் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிற அத்தான் தனக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்று மச்சினன் ஒவ்வொரு விருந்திலும் கேட்பான். மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடுவார். இன்று இரவும் விருந்து. இன்றைக்கும் வெறுங்கையோடு போனால் மானம் கப்பலேறிவிடும். அதனால்தான் மனைவி தண்ணீர் வாங்கி வருவதற்குள், செல்போன் காட்டிய இந்தச் சுவரில், வீட்டிலிருந்து கொண்டுவந்த துருப்பிடித்த டப்பாவைச் செருகிவிட்டுத் தாமே 'கண்டுபிடிக்க'த் திட்டமிட்டிருந்தார்.

"மோதிரமா? இருங்க சார், நான் எடுத்துத் தர்றேன்."

காவலாளி குச்சியை விட்டுக் குடைந்தார். கல்லொன்று பெயர்ந்து விழ, கூடவே டப்பாவும் உருண்டு வந்தது.

"ஐயையோ, பழங்காலத்துப் பொருள் மாதிரி இருக்கே! தொடாதப்பா, உள்ளயே வச்சிடு!" என்றார் இவர், மகா புத்திசாலியாக.

அது வினையாயிற்று. காவலாளி விசிலை ஊதிய ஊதலில் பூங்கா அருங்காட்சியகத்து அதிகாரியே ஓடி வந்தார். பணிக்காலம் முழுக்க ஓர் உடைந்த பானையைத் தவிர எதையும் கண்டெடுக்காத மனிதர். கைக்குட்டையால் பிடித்து டப்பாவைத் திறந்தார். உள்ளே வட்ட வடிவில் ஒரு மூக்குக் கண்ணாடி.

"இந்தக் கோட்டைத் தளபதியோடது!" என்று கூவினார் அதிகாரி. "அவ்வளவு பெரிய படையை வச்சுக்கிட்டு இந்தக் கோட்டையை ஏன் கோட்டை விட்டாருன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தோம். மனுஷனுக்குக் கிட்டப்பார்வை! கண்ணாடி தொலைஞ்சதும் எதிரி வந்ததே தெரியல!"

"சார், அது வந்து..."

"சுவத்தை இடிச்சது யாரு? நீங்களா? ஜெயில்ல போட்டுருவாங்க!"

"அது தானா விழுந்துச்சு சார்! கண்டுபிடிச்சது மட்டும்தான் நான்!"

சுற்றிலும் கட்டக் கயிறு கொண்டுவரச் சொல்லிக் காவலாளியை விரட்டினார் அதிகாரி. கூட்டம் கூடிவிட்டது. யாரோ இவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மச்சினன் மூஞ்சியை நினைத்துப் பார்த்தபோது இவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா? நானே கண்டுபிடிச்சேன்! தளபதி போட்டிருந்த கண்ணாடி!"

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம கடைக் கண்ணாடியாச்சே! யாரும் வாங்க மாட்டேங்கறாங்கன்னு புலம்புவீங்களே? காதுப் பக்கம் நம்ம கடை பேரு கூட இருக்கு பாருங்க."

அதிகாரி எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போய்த் தம் பானையை நோக்கி நடந்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

மனைவி பிடித்துக்கொண்டாள். "நீங்களே ஒளிச்சு வச்சு நீங்களே கண்டுபிடிக்கிறதா? வெக்கமா இல்ல? இந்த விளையாட்டுக்கே நேர்மைதாங்க உயிர்! இன்னைக்கு ராத்திரி என் தம்பிகிட்ட சொல்றேனா இல்லையா பாருங்க!"

இவருக்கு அழுகையே வந்துவிட்டது. "உன்ன மாதிரி ஒரு தடவையாவது கண்டுபிடிக்கணும்னுதான்..." என்று இழுத்தார்.

அப்போது ஒரு கையில் கயிறும் மறுகையில் பிளாஸ்டிக் டப்பாவுமாக மூச்சிரைக்க ஓடி வந்த காவலாளி, நேராக மனைவியிடம் போனார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா! வாராவாரம் நீங்க குடுக்கிற டப்பாவைச் சொன்ன இடத்துல ஒளிச்சு வச்சிடுவேன். இன்னைக்கு இந்த சார் பொந்தை விட்டு நகரவே இல்ல!"