கவுத்து மாமா விற்காத கயிறு

கள்ளக்குறிச்சியில் கயிறு விற்றவர்கள் எத்தனையோ பேர். கயிறு கேட்டு வந்தவரைக் குறுக்கு விசாரணை செய்து திருப்பி அனுப்பியவர் கவுத்து மாமா ஒருவர்தான்.

"யாரக் கட்டப் போறீங்க?" என்பார் முதலில். பசுவுக்குத் தாம்பு, கன்றுக்குத் தும்பு, காளைக்கு மூக்கணாங்கயிறு, வண்டி பாரத்துக்கு வடக்கயிறு, மூட்டை தைக்கச் சணல். மாற்றிக் கேட்டால் கிடைக்காது. ஆட்டைக் கட்ட வடக்கயிறு கேட்டவரிடம், "ஆடு இன்னா பாவம் பண்ணுச்சுங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

மத்தியானத்தில் கயிற்றுச் சுருள்மேல் தலைவைத்துக் கிறங்கிக் கிடப்பார். கடைக்கு மேல் அறையில் குடியிருந்த நான் படியிறங்கினால், "மெதுவா வா தம்பி, கவுறு தூங்கிக்கினு கீது" என்பார். நைலான் மட்டும் வாசல் வெயிலில் கிடக்கும். அதற்குத் தூக்கமே கிடையாதாம். நார் வாசனையில் எனக்கும் அந்த அறையில் நல்ல நல்ல கனவாகத்தான் வந்தது.

மாமா தனி ஆள். பேச்சுத்துணைக்குச் செவலை என்று ஒரு பசு. டவுனில் மேய்ச்சல் இல்லாமல் அதை வெள்ளிமலைக்காரர் ஒருவருக்கு விற்றார். எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். செவலையின் பழைய தாம்பு மாமாவின் தலைமாட்டுக்கு வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். சாலையெல்லாம் வெட்டிப்போட்ட மரங்கள், பஸ் கிடையாது. வெள்ளிமலைக்காரர் மலையிலிருந்து நடந்தே வந்து நின்றார்.

"மாடு புல்லத் தொட மாட்டேங்குதுங்க. செத்துப்பூடும் போலகீது. அந்தப் பழைய கவுத்தக் குடுத்தீங்கன்னா, வாசனைக்காவது திங்கும்."

"குடுக்க முடியாதுங்க," என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகும்போது என்ன சாஸ்திரம் என்று கேட்டே விட்டேன். மாமா தாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினார்.

"தம்பி, சைக்கிள எடு."

முன்கம்பியில் மாமா, கேரியரில் வெள்ளிமலைக்காரர், நடுவில் மூச்சிரைக்க நான். ஓரிடத்தில் புளியமரம் குறுக்கே கிடந்தது. ஓரத்து இடைவெளியையும் மறியல்காரர்கள் சணல் கட்டி அடைத்திருந்தார்கள். மாமா சணலைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, ரோட்ட மறிக்கச் சணலா? வடம் கட்டுங்க."

"எங்க பெரியவரே போறீங்க?"

"மாடு பட்டினி கெடக்குது."

அவர்களும் மாடு வளர்ப்பவர்கள்தான். வேறொன்றும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்தார்கள்.

மலையேறியபோது பொழுது சாய்ந்து பனி இறங்கியிருந்தது. எலும்பு தெரியப் படுத்திருந்தது செவலை. மாமா அதன் கழுத்தில் பழைய தாம்பைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முளையில கட்டலீங்களா?" என்றார் வெள்ளிமலைக்காரர்.

"கட்டினா குடுத்தாப்பல ஆயிடும். இப்ப கவுறு என் கையிலதான கீது."

செவலை அந்தக் கையை நக்கியது. பிறகு புல்லில் வாய் வைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மறுநாள் தனியாகத் திரும்பினேன். மறியல் முடிந்து பஸ் ஓடியது. மாமா இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சரிவில் செவலை மேய்ந்துகொண்டே போக, கயிற்றைப் பிடித்தபடி பாதித் தூக்கத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"எப்ப மாமா வருவீங்க?"

"அது என்னிய வுடட்டும், வரேன்."

கடை பூட்டியே கிடந்தது. நான் மட்டும் அந்தப் படியில் மெதுவாகவே இறங்கிக்கொண்டிருந்தேன்.