‘எங்க கிடக்கு’ அண்ணனும் அடைபட்ட மடையும்

கிழக்கிலங்கையில் சொறிக்கல்முனையிலிருந்து அறுகம்பே வரைக்கும் தேடினாலும் ‘எங்க கிடக்கு’ அண்ணனைப்போல் இருப்புக்கொள்ளாத ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. சோற்றைக்கூட நடந்துகொண்டே தின்பவர். பூசையில் எல்லோரும் முழந்தாளில் நிற்கும்போது அவர் மட்டும் தூணுக்குத் தூண் மாறிக்கொண்டிருப்பார். எழுபதுகளின் கடைசியில் சொறிக்கல்முனைப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாக மாற்றலாகிப்போன நான், அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்காமல் நான் ஒருநாளும் பாடக்குறிப்பு எழுதியதில்லை.

பெயர் வந்த கதை சின்னது. யாரோ கொடுத்த வேதாகமத்தை நடந்துகொண்டே முழுவதும் வாசித்து முடித்தார். அன்றிலிருந்து கோயிலில் எதைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: “வசனம் எங்க கிடக்கு?” விபூதிப் புதனன்று சாம்பல் பூச வந்த சுவாமியாரின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். பின்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் காய்ந்தது. செபமாலைக்குக் கேட்டார், செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதற்குக் கேட்டார்.

சுவாமியார் பொறுமைசாலி. அப்போஸ்தலர்கள் எழுதியது கொஞ்சம், வாயால் சொன்னதும் செய்து காட்டியதும் அதிகம், அதெல்லாம் கைமாறி வந்து நம்முடைய பூசையிலும் செபத்திலும் இருக்கிறது, வேதாகமமும் அதே ஊற்றிலிருந்து வந்ததுதான் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் வசனம் கேட்டார் அண்ணன். சுவாமியார் சந்தோஷமாகத் தெசலோனிக்கேயர் நிருபத்தை விரித்து, வாய்ச்சொல்லாலும் கடிதத்தாலும் கற்றதைக் கைவிட வேண்டாம் என்று பவுல் எழுதிய இடத்தில் விரலை வைத்தார். அண்ணன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“அது தெசலோனிக்கேயாக்காரருக்குச் சொன்னது, சுவாமி. நாம சொறிக்கல்முனை.”

இந்தச் சிரிப்பும் பகிடியும் எல்லாம் அவருடைய மனைவி ரோசலின் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறக்கும் வரைக்கும்தான். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் புறப்பட்ட அக்காவை அண்ணன் வாசற்படலையில் மறித்தார். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் வசனத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், கிடைத்ததும் சொல்வதாகவும் சொன்னார். பிள்ளை தவழத் தொடங்கியும் வசனம் கிடைக்கவில்லை. அதுவோ பிறந்த நாளிலிருந்தே சளிக்காரி. அது இருமும்போதெல்லாம் அக்காவின் முகம் வெளுத்துப்போகும். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ற பயம்தான். கடைசியில் உடுப்புகளை மூட்டையாகக் கட்டிவிட்டார்.

“வசனம் கிடைச்சா வந்து கூப்பிடுங்க. நான் அம்மாட வீட்டுக்குப் போறன்.”

ஞாயிறு வரைக்கும் பொறுக்கும்படி நான் கெஞ்சியதில் மூட்டை அவிழாமல் மூலையில் கிடந்தது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கதிரையோடு சேர்த்துக் கட்டிவைக்கலாம் போலிருந்தது.

அந்தக் கிழமைதான் புது நீர்ப்பாசன அதிகாரி வரைபடத்தோடு வந்து இறங்கினார். நெல் கதிரை வயிற்றில் வைத்துக் குடலையாக நின்ற நேரம். தண்ணீர் தவறினால் எல்லாம் பதர்தான். படத்தில் இல்லாத மடைகளை அடைக்கப்போவதாகச் சொல்லி, அண்ணனின் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையிலேயே தொடங்கினார். அண்ணன் வாய்க்கால் கரையில் மேலும் கீழும் ஓடினார், பின்னால் நானும் ஓடினேன்.

“எங்கப்பா காலத்து மடை, சேர். அவருக்கு அவர்ர அப்பா சொன்னவர்.”

“எழுத்தில எங்க இருக்கு?” என்று கேட்டார் அதிகாரி.

வரம்பில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து காலில் இருந்த சேற்றைக் கழுவினார்கள். சிரிப்பை மறைக்க வேறு வழி இருக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் அசையாமல் நின்றார். அந்த மனிதர் அசையாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பக்கத்து வயல்காரர், சம்மாந்துறை இஸ்மாயில் காக்காதான் முன்னுக்கு வந்தார்.

“படம் பொய்யில்ல, சேர். அதுல பெரிய வாய்க்கால மட்டும்தான் கீறியிரிக்கி. எந்த வயலுக்கு எந்த மடை எண்டத எங்கட வாப்பாமார் காட்டித் தந்தவங்க. இவர்ர மடைய ஒருக்காலும் அடைக்கப்படா எண்டு எங்கட வாப்பா மௌத்தாகுமுன்ன எனக்குச் சொன்னவர்.”

மற்றவர்களும் ஓம் ஓம் என்று வந்து தங்கள் தங்கள் மடையைக் காட்டினார்கள். ஒன்றுகூடப் படத்தில் இல்லை. எல்லாவற்றையும் அடைத்தால் அந்த வயல்வெளியில் படம் மட்டும்தான் விளையும் என்பது அதிகாரிக்கும் விளங்கியது. மடை திறந்தது.

வீட்டுக்கு வந்த அண்ணன் மூட்டைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமைக்குப் புள்ளைக்கு வெள்ளைச் சட்டை இரிக்கா?” என்று கேட்டார் அண்ணன்.

அக்கா மூட்டையை அவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் பிள்ளையின் தலைக்கு மேல் தண்ணீரை உயர்த்தியபோது, “சுவாமி” என்று கையை நீட்டி மறித்தார் அண்ணன். சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மெல்லமா ஊத்துங்க. புள்ளைக்குச் சளி.”

அண்ணன் போய்ச் சேர்ந்து கனகாலம். இப்போது அந்தக் கோயிலில் பூசை சொன்ன நேரத்துக்கு முடிகிறது. யாரும் குறுக்கே ஒரு கேள்வி கேட்பதில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.